நேர்க்கோட்டில் பார்த்தால் தெரியாத காந்தம்

குரோமியம் ஆண்டிமனைடு என்ற சேர்மத்தின் படிகத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் வியப்பதற்கு ஒன்றும் இருக்காது. சாம்பல் நிறம், உலோகப் பளபளப்பு, ஓர் அரிசி மணியளவு. காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனாலும் வந்து ஒட்டாது. ஆனால் அந்த மணிக்குள் இருக்கும் ஒவ்வொரு குரோமியம் அணுவும் ஒரு காந்தம். அணுக்களின் காந்த வலிமையைப் போர் மேக்னட்டான் என்ற அலகால் அளப்பார்கள். அந்த அளவில் இதற்கு ஏறக்குறைய 3. இரும்புத் துண்டில் உள்ள இரும்பு அணுவுக்கோ 2.2தான் தேறும். அணுவுக்கு அணு பார்த்தால் இது இரும்பைவிட வலிய காந்தம். அப்படியிருந்தும் ஒட்டுவதில்லை.

ஏன் ஒட்டுவதில்லை என்பது 1950-களிலேயே தெரிந்துவிட்டது. ஒட்டாத அந்தக் காந்தத்துக்குள் வேறொரு குணம் ஒளிந்திருக்கிறது என்பதை நேரடியாக அளந்து காட்டியது 2024-இல். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் பொருளில் எந்த மாற்றமும் இல்லை. பார்த்த திசைதான் மாறியது. எனக்கு இந்தச் சேர்மத்தில் பிடித்த விஷயமே அதுதான்.

முதலில் இதன் பெற்றோரைப் பற்றி. குரோமியம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எவர்சில்வர் தம்ளர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணமே அதில் கலந்துள்ள குரோமியம்தான். நல்ல பாத்திர எஃகில் அது 18 சதவீதம் வரை இருக்கும். 1797-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான், சைபீரியாவிலிருந்து வந்த ஒரு செந்நிறக் கனிமத்தில் இதைக் கண்டுபிடித்தார். இதன் சேர்மங்கள் காட்டும் நிறங்களுக்காக, நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையே பெயராக வைத்தார்கள். இந்தியாவின் குரோமியத் தாது பெரும்பாலும் ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் கிடைக்கிறது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் பழம்பாறைகளிலும் குரோமைட் அடுக்குகள் உண்டு. சந்திரயானுக்காக நிலவு மண்ணைப் போலச் செய்து பார்க்க அந்த வட்டாரத்துப் பாறையைத்தான் அரைத்துக் கொண்டுபோனார்கள்.

ஆண்டிமனி பெயரளவில் அந்நியமாகத் தோன்றினாலும் நமக்குப் பழைய பழக்கம். சித்த மருத்துவர்கள் அஞ்சனக்கல் என்று சொல்வது ஆண்டிமனியும் கந்தகமும் சேர்ந்த கருங்கனிமம். கண்ணுக்கு மையாகத் தீட்டியது அதைத்தான். கணினி வருவதற்கு முன்பு தமிழ்ப் பத்திரிகைகள் அச்சான காலத்தில், ஈயத்தோடு ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தில்தான் அச்செழுத்துகளை வார்த்தார்கள். ஈயம் மட்டும் இருந்தால் எழுத்து சீக்கிரம் மழுங்கிவிடும். அதற்குக் கடினம் கொடுத்தது ஆண்டிமனி.

இவை இரண்டும் ஓர் அணுவுக்கு ஓர் அணு என்ற கணக்கில் சேர்ந்தால் குரோமியம் ஆண்டிமனைடு. ஆய்வகத்தில் இதன் படிகத்தை வளர்க்க ஒரு வழி: இரண்டு தனிமங்களின் தூளையும் ஒரு துளி அயோடினையும் குவார்ட்ஸ் குழாயில் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, வாயை உருக்கி மூடுவார்கள். குழாயின் ஒரு முனை அதிகச் சூட்டிலும் மறுமுனை சற்றுக் குறைந்த சூட்டிலும் இருக்கும்படி உலைக்குள் வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அயோடின் ஆவி கூலியாளைப் போல அணுக்களை ஒரு முனையிலிருந்து சுமந்துபோய் மறுமுனையில் இறக்கும். இறக்கிய இடத்தில் படிகம் மெல்ல வளரும். இது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதாவது உலோகத் தன்மை உள்ளது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இதே இரண்டு தனிமங்களும் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சேர்ந்தால் கிடைப்பது குறைகடத்தி. வெப்பத்தை மின்சாரமாக்கும் ஆய்வுகளில் அதற்கு இடமுண்டு. அது வேறு கதை.

இப்போது ஒட்டாமைக்கு வருவோம். இரும்புக் காந்தத்தில் அணுக்காந்தங்கள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கின்றன. அதனால் வலிமை கூடுகிறது. சில பொருள்களில் பாதி அணுக்கள் ஒரு பக்கமும் மீதிப் பாதி நேர் எதிர்ப்பக்கமும் திரும்பி நிற்கும். கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். இதை எதிர் ஃபெர்ரோ காந்தம் என்பார்கள். இப்படி ஒரு நிலை இருக்க முடியும் என்று 1930-களில் கணித்தவர் பிரான்சின் லூயி நீல். கணித்தாயிற்று, கண்ணால் காண்பது எப்படி? வெளியே ஒரு விளைவும் தெரியாத காந்தத்தை எதை வைத்துப் பிடிப்பது?

நியூட்ரான் கைகொடுத்தது. அதற்கு மின்னூட்டம் கிடையாது, ஆனால் அதுவே ஒரு குட்டிக் காந்தம். படிகத்துக்குள் பாய்ச்சினால் அணுக்காந்தங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றனவோ அதற்கேற்பச் சிதறி வெளிவரும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஷல், ஸ்மார்ட் இருவரும் 1949-இல் மாங்கனீசு ஆக்சைடில் இதைச் செய்து காட்டி, நீல் சொன்னது சரி என்று நிறுவினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1952-இல், ஏ. ஐ. ஸ்னோ என்பவர் நியூட்ரானைக் குரோமியம் ஆண்டிமனைடின் பக்கம் திருப்பினார். குரோமியம் அணுக்கள் தளம் தளமாக அடுக்கப்பட்டிருக்கின்றன, ஒரு தளத்தில் உள்ள காந்தங்கள் எல்லாம் மேல்நோக்கி நின்றால் அடுத்த தளத்தில் எல்லாம் கீழ்நோக்கி நிற்கின்றன என்று தெரிந்தது. இந்த ஒழுங்கு ஏறக்குறைய 430 டிகிரி செல்சியஸ் வரை குலைவதில்லை.

அந்த அளவோடு பொருள் அலமாரிக்குப் போயிற்று. குற்றம் சொல்ல முடியாது. 1970-இல் நோபல் பரிசு பெற்றபோது நீல் ஆற்றிய உரையிலேயே, எதிர் ஃபெர்ரோ காந்தங்கள் கோட்பாட்டளவில் சுவையானவை, ஆனால் அவற்றால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்ற கருத்தைச் சொன்னார். கண்டுபிடித்தவரே அப்படி நினைத்தார். பிற்பாடு கணினியின் ஹார்டு டிஸ்க்கில் தகவலைப் படிக்கும் முனைக்குள் இவ்வகைப் பொருளின் மெல்லிய படலம் இடம்பிடித்தது. பக்கத்துப் படலத்தின் காந்தத் திசை ஆடாமல் பிடித்துவைக்கும் ஆணி வேலை அதற்கு. பயனுள்ள வேலைதான், ஆனாலும் துணைவேடம்.

இந்த இடத்தில் குரோமியம் ஆண்டிமனைடின் அணுக்கட்டமைப்பைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மூன்று கல் வைத்த அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கற்கள் மூன்றும் ஆண்டிமனி அணுக்கள். மேலே ஏற்றிய பானை குரோமியம் அணு. பானையின் தலைக்கு மேலும் மூன்று கற்கள் இருக்கின்றன. ஆனால் அவை கீழ்க்கற்களுக்கு நேர் மேலே இல்லை. கீழே இரு கற்களுக்கு நடுவில் சந்து எங்கே இருக்கிறதோ அங்கே மேலே கல். அதாவது 60 பாகை திரும்பி உட்கார்ந்திருக்கின்றன. அந்த மேல்கற்கள்தான் அடுத்த பானைக்கு அடுப்பு. இரண்டாம் பானை முதல் பானைக்கு நேர் மேலேயே, 2.7 ஆங்ஸ்ட்ராம் உயரத்தில் அமர்கிறது. ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம். இரண்டாம் பானையின் தலைக்கு மேல் வரும் கற்கள் முதல் அடுப்பின் பக்கமே மறுபடி திரும்பிவிடுகின்றன. இப்படியே அடுக்குமேல் அடுக்காகப் போகிறது.

முதல் பானைக்குக் கீழே உள்ள முக்கோணம் வடக்கே முனை காட்டினால் தலைக்கு மேல் உள்ள முக்கோணம் தெற்கே காட்டும். இரண்டாம் பானைக்கு இது தலைகீழ். முதல் பானையின் காந்தம் மேல்நோக்கி, இரண்டாவதன் காந்தம் கீழ்நோக்கி. இப்போது முதல் பானையை அதன் கற்களோடு அப்படியே தூக்கி இரண்டாவதன் இடத்தில் வையுங்கள். பொருந்தாது. 60 பாகை திருப்பினால்தான் பொருந்தும். பழைய பாணி எதிர் ஃபெர்ரோ காந்தங்கள் பலவற்றில் வெறுமே நகர்த்தி வைத்தாலே பொருந்திவிடும். இந்தச் சின்ன வேறுபாட்டில்தான் எல்லாம் இருக்கிறது.

படிகத்துக்குள் ஓடும் எலக்ட்ரானுக்கும் தற்சுழற்சி என்ற காந்தக் குணம் உண்டு. மேல், கீழ் என்று இரண்டு வகை. செங்குத்தாக மேலே ஏறும் எலக்ட்ரானுக்கு முதல் பானையின் சூழலும் இரண்டாம் பானையின் சூழலும் ஒன்றுதான். கிடையாக வடக்கே போகும் எலக்ட்ரானுக்கு ஒரு பானையருகே கல் கீழே இருக்கும், இன்னொன்றின் அருகே மேலே இருக்கும். கூட்டிக் கழித்தால் அதற்கும் இரண்டும் சமம்தான். ஆகவே இந்தத் திசைகளில் மேல்சுழற்சி எலக்ட்ரானுக்கும் கீழ்சுழற்சி எலக்ட்ரானுக்கும் ஆற்றலில் வேறுபாடு கிடையாது. ஆனால் வடக்கே சாய்ந்து மேலேறும் எலக்ட்ரானை எண்ணிப் பாருங்கள். ஒரு பானையருகே அந்தச் சாய்ந்த வழியில் கல் குறுக்கே நிற்கிறது, மற்றதன் அருகே சந்து திறந்திருக்கிறது. மேல்நோக்கிய காந்தத்தின் சூழலும் கீழ்நோக்கிய காந்தத்தின் சூழலும் அந்த வழியில் ஒன்றாக இல்லை. அதனால் இருவகை எலக்ட்ரான்களின் ஆற்றலும் பிரிந்துவிடுகிறது. 60 பாகை திரும்பி அதே சாய்வில் ஏறினால் பிரிவு தலைகீழாகும். ஒரு முழுச் சுற்றில் ஆறு முறை மாறி மாறி வரும். கீழ்நோக்கிச் சாய்ந்தால் இன்னொரு முறை தலைகீழ். எல்லாத் திசைகளையும் கூட்டினால் பூஜ்யம். வெளியே ஒட்டாது, உள்ளேயோ திசைக்குத் திசை சுழற்சி பிரிந்து கிடக்கிறது.

இயற்பியலாளர்கள் ஒரு பொருளின் எலக்ட்ரான் ஆற்றலைக் கணக்கிடும்போது வழக்கமாகப் படிகத்தின் முக்கியமான நேர்கோடுகள் வழியாகவே வரைபடம் போடுவார்கள். செங்குத்து ஒன்று, கிடை சில, இப்படி. கணக்கு எளிது, சமச்சீர் அழகாக இருக்கும். குரோமியம் ஆண்டிமனைடில் சுழற்சிப் பிரிவு பூஜ்யமாகும் தளங்கள் நான்கு: கிடைத்தளம் ஒன்று, செங்குத்துத் தளங்கள் மூன்று. அந்த முக்கிய நேர்கோடுகள் எல்லாமே பூஜ்யம் விழும் இடங்களில்தான் போகின்றன. சாய்வாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றாதவரை அங்கே எதுவும் தென்படாது.

படிகத்தில் திசை எவ்வளவு முக்கியம் என்பதை நம் ஊர்க்காரர் ஒருவர் முன்பே உலகுக்குக் காட்டியிருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், ராமனோடு செய்த ஒளிச்சிதறல் ஆய்வுக்குப் பிறகு, டாக்காவிலும் கல்கத்தாவிலும் படிகங்களின் காந்தக் குணம் திசைக்குத் திசை எப்படி மாறுகிறது என்று அளந்தார். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப் புலத்துக்கு நடுவே இழையை முறுக்கிக்கொண்டே போய், படிகம் சட்டென்று திரும்பும் கணத்தைக் குறித்துக்கொள்வார். அவர் அளந்த குணம் வேறு, இங்கே சொல்வது வேறு. ஆனால் எந்தத் திசையில் என்று கேட்காமல் படிகத்தின் காந்தத்தைப் பற்றிப் பேசவே முடியாது என்பதை அந்த இழை 1930-களிலேயே சொல்லிக்கொண்டிருந்தது.

சாய்வாகப் பார்க்கும் சிந்தனை 2019-ஐ ஒட்டிப் பல குழுக்களிடம் ஒரே சமயத்தில் முளைத்தது. செக் நாட்டின் பிராகிலும் ஜெர்மனியின் மைன்ஸிலும் பணிபுரிந்த ஷ்மெய்கால், சினோவா, யுங்விர்த் மூவரும் 2022-இல் இதை முழுக் கோட்பாடாக வகுத்தார்கள். இது ஃபெர்ரோ காந்தமும் இல்லை, வழக்கமான எதிர் ஃபெர்ரோ காந்தமும் இல்லை, மூன்றாவது வகை என்று சொல்லி ஆல்டர்மேக்னட் என்று பெயர் வைத்தார்கள். மாறிமாறி வரும் காந்தம் என்று பொருள் கொள்ளலாம். இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்கள் இந்த வகையில் வரக்கூடும் என்று பட்டியல்களும் வந்தன.

பட்டியலில் இருப்பது ஒன்று, ஆய்வகத்தில் நிற்பது ஒன்று. தொடக்கத்தில் எல்லோரும் ருத்தேனியம் ஆக்சைடின் பின்னால் ஓடினார்கள். 2024-இல் மியுவான் துகள்களையும் நியூட்ரானையும் வைத்து நுட்பமாக அளந்தபோது, தூய ருத்தேனியம் ஆக்சைடில் காந்த ஒழுங்கே இல்லை என்ற முடிவு வந்தது. அடுத்து மாங்கனீசு டெல்லூரைடு. அதில் சுழற்சிப் பிரிவு உறுதியாயிற்று. ஆனால் அது குறைகடத்தி, தவிர அதன் காந்த ஒழுங்கு 37 டிகிரி செல்சியஸ் வாக்கில் கலைந்துவிடும். சென்னையின் கத்திரி வெயிலே அதற்குப் போதும். கணினிக்குள் இருக்கும் சூட்டுக்கு எப்படித் தாங்கும்?

குரோமியம் ஆண்டிமனைடின் 430 டிகிரி இங்கேதான் பொருள் பெறுகிறது. உலோகக் கடத்தல், பெரிய சூட்டையும் தாங்கும் காந்த ஒழுங்கு, இரண்டு எளிய தனிமங்கள். மைன்ஸ் குழுவினர் இதன் மெல்லிய படலத்தில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, தெறித்து வரும் எலக்ட்ரான்களின் திசையையும் ஆற்றலையும் அளந்தார்கள். ஐன்ஸ்டைன் 1905-இல் விளக்கிய ஒளிமின் விளைவுதான் இந்தக் கருவிக்கு அடிப்படை. சாய்ந்த திசையில் 0.6 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஆற்றல் பிரிந்திருந்தது. வேறு குழுக்கள் படிகங்களில் அளந்தபோது 1 எலக்ட்ரான் வோல்ட் வரைகூடக் கண்டார்கள். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் 0.025 எலக்ட்ரான் வோல்ட்தான். அதைப்போல நாற்பது மடங்கு பெரிய பிரிவு என்றால், வெப்பத்தின் சலசலப்பு இதைக் கலைத்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

இதனால் என்ன ஆகும்? இன்றைய காந்த நினைவகச் சில்லுகளில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி ஃபெர்ரோ காந்தம். நெருக்கி வைத்தால் ஒன்றின் புலம் பக்கத்ததைத் தொந்தரவு செய்யும். வெளிக்காந்தம் ஒன்றைக் கொண்டுபோனால் தகவல் அழியவும் கூடும். திருப்பும் வேகத்துக்கும் எல்லை உண்டு. எதிர் ஃபெர்ரோ காந்தங்களில் இந்தத் தொல்லைகள் இல்லை. வெளியே புலம் கிடையாது, உள்ளே அவற்றின் அசைவு ஆயிரம் மடங்கு வேகத்தில், டெராஹெர்ட்ஸ் அளவில் நடக்கிறது. ஆனால் தகவல் உள்ளே எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மின்சாரத்தால் படிப்பதுதான் கடினம். ஆல்டர்மேக்னட்டில் எலக்ட்ரானின் சுழற்சி பிரிந்திருப்பதால் படிக்கவும் வழி பிறக்கிறது. இரண்டு வகையின் நன்மைகளும் ஒரே பொருளில்.

உண்மையைச் சொன்னால், குரோமியம் ஆண்டிமனைடு எளிதில் வசப்படும் பொருள் இல்லை. அணுக்காந்தங்கள் அடுக்கின் அச்சை ஒட்டியே நிற்பதாலும், நான்கு தளங்களின் சமச்சீர் எல்லா விளைவுகளையும் ஒன்றுக்கொன்று அடித்துவிடுவதாலும், கலப்படமற்ற கச்சிதமான படிகத்தில் படிக்கக்கூடிய ஹால் மின்னழுத்தம், அதாவது மின்னோட்டத்துக்குக் குறுக்குவாட்டில் தோன்றும் மின்னழுத்தம், எழாது. படிகத்தின் கச்சிதமே இங்கே தடை. சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகக் குழு 2025-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில் இந்தத் தடையை உடைத்திருக்கிறார்கள். படலத்தின் படிகத்தை வேண்டுமென்றே நெளித்துச் சமச்சீரைக் குலைத்ததும், அறை வெப்பநிலையிலேயே ஹால் மின்னழுத்தம் எட்டிப்பார்த்தது. மின்னோட்டத்தைச் செலுத்தி உள்ளே இருக்கும் காந்த ஒழுங்கை 180 பாகை திருப்பவும் முடிந்தது. எழுதவும் முடிகிறது, படிக்கவும் முடிகிறது. நினைவகத்துக்குத் தேவையான இரண்டு செயல்களும் கொள்கையளவில் கைவந்துவிட்டன.

கடைக்கு வரும் சில்லாக மாறுவதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. நினைவகம் என்றால் கோடானுகோடி முறை திருப்பியும் களைக்காமல் இருக்க வேண்டும். சிலிக்கன் தொழிற்சாலையின் மற்ற அடுக்குகளோடு ஒத்துப்போக வேண்டும். ஆண்டிமனி நச்சுத்தன்மை உள்ளது, கையாள்வதில் கவனம் தேவை. குரோமியத்தைப் பொறுத்தவரை, ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரைக் கெடுத்த ஆறு இணைதிறன் குரோமியம் இந்தச் சேர்மத்தில் இல்லை என்பது ஆறுதல். ஆண்டிமனியை உலகில் அதிகம் எடுக்கும் நாடு சீனா. 2024-இல் அதன் ஏற்றுமதிக்கு அந்த அரசு கட்டுப்பாடு விதித்தது. சில்லுக்குத் தேவைப்படுவது நானோமீட்டர் கனமுள்ள படலம்தான் என்பதால் அது பெரிய தடையாக இருக்காது என்பது என் கணிப்பு. இன்று இவ்வகைச் சாதனங்களில் பயன்படும் இரிடியத்தோடு ஒப்பிட்டால் இரண்டு தனிமங்களும் மலிவானவையே.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. ஸ்னோவின் 1952-ஆம் ஆண்டுக் கட்டுரை வந்த இதழின் பழைய தொகுதிகள் நம் ஊர்ப் பழம்பெரும் கல்லூரி நூலகங்கள் சிலவற்றிலும் இருக்கக்கூடும். இடம் போதவில்லை என்று அவற்றை எடைக்குப் போடும் யோசனை இருந்தால், அதற்கு முன் இயற்பியல் துறை மாணவர்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு ஒரு மாலை முழுக்கப் புரட்டவிடுங்கள். குரோமியம் ஆண்டிமனைடின் அணுக்காந்தங்கள் எப்படி நிற்கின்றன என்ற விவரம் அந்தப் பக்கங்களில் எழுபது ஆண்டுகளாக இருந்தது. பக்கத்துப் பக்கங்களில் இன்னும் எத்தனையோ சேர்மங்கள் இருக்கின்றன.